இடவப்பாதிக்கு முன்: சீமை அத்தியைக் கனியச் செய்தல்

சீமை அத்தியைப் பற்றிய தோட்டக்கலை நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை ஆதலால், அவற்றில் பருவத்தின் முடிவு என்பது முதல் உறைபனி விழும் நாளையே குறிக்கிறது. இலையுதிர்காலம் நெருங்கும்போது மரத்தில் இன்னும் பச்சையாகவே நிற்கும் காய்களை, பனி வந்து கருக்குவதற்குள் எப்படிக் கனியச் செய்வது என்பதே அந்நாட்டாரின் கவலை. திருவனந்தபுரத்தில் உறைபனி இல்லை. ஆனாலும் அத்திக்கு இங்கும் பருவ முடிவு ஒன்று உண்டு. ஜூன் முதல் நாளையொட்டி இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்குகிறது. அக்டோபரில் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை தொடர்கிறது. அத்திக்கு உகந்த வறண்ட வானம் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும், கோடைமழையின் இடையூறோடு மே வரையிலும்தான் கிடைக்கிறது. மழைக்குள் அகப்பட்ட அத்தி நீரை உறிஞ்சி வெடிக்கும், உள்ளே புளிக்கும், அல்லது சப்பென்று ஆகி உதிரும். எனவே குளிர்நாட்டவர் பனிக்கு எதிராகச் செய்வதை இங்குள்ளோர் மழைக்கு எதிராகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு, பல மாதங்களுக்கு முன்பே மரத்தின் காலக்கணக்கைச் சரியாக அமைப்பதில் இருக்கிறது என்பதும், கடைசி இரண்டு வாரங்களில் மனிதர் தரும் உதவி அதற்கு மேல் ஒரு சிறு துணையே என்பதும் இவ்வுரையில் நிறுவ முயலும் கருத்து.

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் வைத்து இப்பொருளைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் அமைத்த இத்தெரு, கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீண்டு, நாஞ்சில் நாட்டு விளைபொருள்கள் வந்திறங்கும் அங்காடியாக வளர்ந்து, பிற்காலத்தில் ஆ. மாதவனின் சிறுகதைகள் வழியே தமிழ் இலக்கியத்திலும் நிலையான இடம் பெற்றது. காயாக வருவதைப் பழமாக்கி விற்கும் தொழில் இங்கே அன்றாட வேலை; ஓணத்தையொட்டி வந்து குவியும் ஏத்தன் வாழைத் தார்கள் அதற்குப் போதிய சான்று. ஆனால் அத்தி வேண்டும் என்று கேட்டால் இத்தெருவில் எளிதில் கிடைப்பது நாரில் கோத்து வளையமாகக் கட்டிய உலர்ந்த அஞ்சீர்தான். இந்தியச் சந்தைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உலர் அத்தியில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானத்துச் சரக்கு. மரத்திலேயே கனிந்த புதிய சீமை அத்தியோ பறித்த இரண்டு மூன்று நாள்களுக்குள் நெகிழ்ந்துவிடும், விரல் பட்ட இடத்தில் கன்றிப்போகும், நெடும்பயணம் தாங்காது. ஆகையால் அதன் உண்மையான சுவையை அறிய விரும்புகிறவர் தம் வீட்டு முற்றத்திலோ மாடித் தொட்டியிலோ வளர்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. அப்படி வளர்ப்போர் திருவனந்தபுரத்தில் பெருகி வருகின்றனர். கொத்துக் கொத்தாகக் காய் பிடித்தும் ஒன்றுகூடப் பழுக்கவில்லை என்பதே அவர்களிடம் கேட்கும் பொதுவான முறையீடு.

அந்த முறையீட்டுக்கு விடை காண, அத்தி எத்தகைய பொருள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தாவரவியல் கணக்கில் அத்தி தனியொரு பழமன்று. பூக்களைத் தாங்க வேண்டிய தண்டு குடம் போல் உட்குழிந்து, வாய் குவிந்து, தன் உட்சுவரில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களை அடைத்து வைத்திருக்கும் அமைப்பு அது. இதைச் சைகோனியம் என்பர். காம்புக்கு எதிர்முனையில் செதில்கள் மூடிய ஒரு சிறு துளை இருக்கிறது. தோட்டக்காரர் அதைக் கண் என்கின்றனர். வெளியே பூவே தெரியாததால்தான் அரிதாக நிகழ்வதை அத்தி பூத்தாற்போல் என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டாயிற்று. ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி இதே குடும்பத்தின் வேறோர் இனம். அதற்கென்று ஒரு குளவி இம்மண்ணிலேயே உண்டு, கண் வழியே நுழைந்து மகரந்தம் சேர்ப்பது அதுவே. சீமை அத்திக்கு உரிய குளவி மத்தியதரைக் கடற்பகுதியையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்தது, கேரளத்தில் இல்லை.

இந்த உண்மை நடைமுறையில் பெரிதும் முக்கியமானது. சீமை அத்தியில் ஸ்மிர்னா எனப்படும் வகை, குளவி வந்து மகரந்தம் சேர்த்தால் மட்டுமே காயை நிறுத்தும். இல்லையேல் பிஞ்சு சுருங்கி விழும். அவ்வகையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனவர்கள் பல்லாண்டுகள் விளைச்சலின்றி வருந்தி, 1899இல் குளவியையும் அங்கே நிலைநிறுத்திய பின்னரே பயன் கண்டனர். சாதாரண வகை என்று வழங்குவதோ மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காயைக் கனியாக்கும். பூனா அத்தி, திண்டுக்கல் பகுதியில் பயிராகும் அத்தி, பிரவுன் டர்க்கி ஆகியவை இவ்வகையின. திருவனந்தபுரத்தில் நடுவதற்கு இவையே ஏற்றவை. நாற்றுப் பண்ணையில் வகைப்பெயர் கேளாமல் வாங்கிய செடியில் பிஞ்சு கடலையளவிலேயே மீண்டும் மீண்டும் உதிர்ந்தால், உரத்தையும் எண்ணெயையும் தேடுவதற்கு முன் அந்தச் செடியின் வகையை ஐயுற வேண்டும்.

இனி, கனிதல் எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் பழுக்க வைக்கும் முயற்சிகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைக் கவனியாமல்தான் தோற்கின்றனர். அத்திக்காய் சீராக வளர்வதில்லை. மூன்று கட்டங்களாக வளர்கிறது. முதற் கட்டத்தில், இலைக் கக்கத்தில் முளைத்த பிஞ்சு ஐந்தாறு வாரங்களில் விரைந்து பருக்கிறது. அதன்பின் அது திடீரென நின்றுவிடுகிறது. அளவிலோ நிறத்திலோ மாற்றமின்றி, கல் போன்ற உறுதியோடு, வகைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை அப்படியே இருக்கிறது. இந்த ஓய்வு நிலையே இரண்டாம் கட்டம். புதிதாக வளர்ப்பவர் மனந்தளர்ந்துபோவதும், உரத்தை அள்ளிக் கொட்டுவதும், செடி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதும் இப்போதுதான். மூன்றாம் கட்டம் ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும் அளவுக்கு விரைவானது: காய் மீண்டும் பருத்து, நிறம் மாறி, காம்பு தளர்ந்து, தலை கவிழ்ந்து தொங்குகிறது. பழத்தின் உலர் எடையில் சுமார் 70 விழுக்காடும், சர்க்கரையில் ஏறக்குறைய 90 விழுக்காடும் இந்தக் குறுகிய மூன்றாம் கட்டத்தில்தான் வந்து சேர்கின்றன.

இந்தக் கணக்கிலிருந்து தவிர்க்க முடியாத ஒரு முடிவு கிடைக்கிறது. அத்திக்குள் இனிப்பு முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டிருப்பதில்லை. அது கடைசி நாள்களில் இலையிலிருந்து காம்பு வழியே வருகிறது. வாழைக்காய் அப்படியன்று. முற்றிய வாழைக்காயில் மாவுப்பொருள் நிறைந்திருக்கிறது. தாரை வெட்டிய பின்னும் அந்த மாவு சர்க்கரையாக மாறிக்கொள்ளும். ஆகவே வாழையை அறையில் பழுக்க வைக்கலாம். அத்தியை மரத்தில் மட்டுமே பழுக்க வைக்க முடியும். பச்சை அத்தியைப் பறித்து அரிசிப் பானையில் புதைத்தாலும் வைக்கோலில் மூடினாலும் அது மெதுவாகிச் சுருங்குமேயன்றி இனிக்காது. அதேபோல், காய்க்குப் பக்கத்து இலைகள் உதிர்ந்துபோன கிளையில் எத்தனை உதவி செய்தாலும் கனியில் சுவை ஏறாது. பழத்துக்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளி எறியும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது இனிப்பு வரும் வழியையே அடைப்பதாகும்.

ஓய்வில் நிற்கும் காயை எழுப்ப முடியும் என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டனர். எகிப்தில் பயிரான சைக்கமோர் என்னும் அத்தி மரத்தை அங்கே பெருக்கியவர்கள் போத்து நட்டே பெருக்கினர். அம்மரத்துக்குரிய குளவி அங்கே வாழவில்லை. ஆகவே அதன் காய்கள் தாமாகக் கனிவதில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், அக்காய்களை இரும்பு நகம் போன்ற கருவியால் கீறிவிடுவார்கள் என்றும், கீறிய நான்காம் நாள் அவை கனியும் என்றும் தம் தாவர வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். விவிலியத்துத் தீர்க்கதரிசி ஆமோஸ் செய்துவந்த தொழில் இதுவே என்று கருதுவோர் பலர். இஸ்ரேலியத் தாவரவியலாளர் கலீல் 1968இல் இந்தப் பழமையான முறையை ஆராய்ந்து விரிவாக எழுதினார். 1972இல் அவரும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஆய்வு, காயம்பட்ட காயிலிருந்து எத்திலீன் என்னும் வாயு மிகுதியாக வெளிப்படுவதோடு அம்முறையைத் தொடர்புபடுத்தியது. பல்லாயிரம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்துவந்ததன் காரணம் ஆய்வுக்கூடத்தில் விளங்க இத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்பது வியப்புக்குரியது. தமிழகத்திலும் கேரளத்திலும் பலாக்காயின் காம்பில் முளைக்குச்சி அடித்துப் பழுக்க வைக்கும் வழக்கத்துக்கும் அடிப்படை இதுவாகவே இருக்க வேண்டும்: காயப்பட்ட திசு எத்திலீனை விடுகிறது.

எத்திலீன் என்பது இரண்டு கரி அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட எளிய வாயு. விளக்கெரிக்கும் வாயு கசியும் இடங்களில் செடிகள் கோணலாக வளர்வதற்கு அதுவே காரணம் என்று ரஷ்ய அறிஞர் நெல்யூபோவ் 1901இல் காட்டினார். பழங்கள் தாமே அதை உண்டாக்குகின்றன என்பது 1934இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. வாழைத்தாருக்குக் குழியில் மூட்டம் போடும்போது புகையோடு சேர்ந்து காய்களை எட்டுவதும் இவ்வாயுவின் சிறு அளவே. இன்றைய பழுக்க வைக்கும் அறைகளில் அதே வாயுவை அளந்து விடுகின்றனர்; 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை அதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி உண்டு. கால்சியம் கார்பைடு கல்லைப் பொட்டலமாகக் கட்டிக் கூடைக்குள் வைக்கும் முறைக்கோ தடை உள்ளது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அத்தடையைத் தெளிவாகச் சொல்கின்றன. கார்பைடு ஈரத்தில் பட்டு விடும் அசெட்டிலீன் வாயு எத்திலீனைப் போலவே செயல்படுவது உண்மையே. ஆனால் தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு இருக்கிறது, அவை தொடுவோருக்கும் உண்போருக்கும் தீங்கானவை. முற்றாத காயைத் தோல் மட்டும் மஞ்சளாக்கி, உள்ளே வெம்பலாக விற்பது உண்பவரின் நம்பிக்கையை ஏமாற்றும் செயல்; குழந்தைக்கும் நோயாளிக்கும் பழம் வாங்கிப் போகிற சாலைக் கடைத்தெருவில் அதற்கு இடம் இருக்கவே கூடாது. அத்தியைப் பொறுத்தவரை அது தீங்கானது மட்டுமன்று, பயனும் அற்றது. முன்பே கூறியபடி பறித்த அத்திக்குள் இனிப்பாக மாறுவதற்கு எதுவும் இல்லை.

சீமை அத்திக்கு உரிய பழைய உத்தி கீறுதல் அன்று, எண்ணெய் வைத்தல். பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள அர்ழாந்தேய் என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டு அத்தி விவசாயிகள், குளிர்காலத்தில் கிளைகளை மண்ணுக்குள் புதைத்துக் காத்தனர். கோடையின் முடிவில், முற்றிய காயின் கண்ணில் ஆலிவ் எண்ணெய் ஒரு துளியை வைத்து, சந்தைக்குச் சில நாள் முந்தினர். சூரியன் சுருக்கமாக வந்துபோகும் நாட்டில் அத்தியை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அந்தச் சில நாள்களே ஆண்டின் வருவாயைத் தீர்மானித்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜப்பானிலும் கலிபோர்னியாவிலும் இது முறையாகச் சோதிக்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜூலியன் கிரேனும் உடன்பணியாளர்களும் எண்ணெய் சிதையும்போது எத்திலீன் தோன்றுவதே இதன் காரணமாகலாம் என்று 1969இல் விளக்கம் தந்தனர். காய் முதற் கட்டத்தில் இருக்கும்போது எத்திலீன் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஓய்வுக் கட்டத்தின் பிற்பகுதியில் அதே எத்திலீன் மூன்றாம் கட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. ஒரே பொருள் முன்னே தடையாகவும் பின்னே துணையாகவும் இருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பே எண்ணெய் வைப்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய முதற் செய்தி.

அதே கிரேன் 1949இல், 2,4,5-டி என்னும் செயற்கை வளர்ச்சிப் பொருளைத் தெளித்து, வழக்கமாக 120 நாள் எடுக்கும் காயை 60 நாளில் கனியச் செய்ததும் உண்டு. அறிவியல் சாதனை என்ற வகையில் அது பெரியதுதான். ஆனால் அப்பொருள் பின்னர் வியட்நாம் போரில் காடுகளின் மேல் தூவப்பட்ட களைக்கொல்லிக் கலவையில் ஒரு பாகமாகி, அதிலிருந்த டையாக்சின் என்னும் நச்சால் பெரும் கேடு விளைவித்தது. எத்தெஃபான் என்ற கரைசல், திசுவுக்குள் சென்று எத்திலீனாகப் பிரிவது, இன்றும் பல பயிர்களில் பயன்படுகிறது; அளவு தப்பினால் இலையையும் காயையும் ஒருங்கே உதிர்க்கும் அதை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. சமையலறையில் இருக்கும் எண்ணெய் போதும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. சோதனைகளில் தாவர எண்ணெய்கள் பயன் தந்தன. கனிம எண்ணெய்கள் தரவில்லை. விளக்கம் எண்ணெயின் சிதைவைச் சார்ந்தது என்றால், எளிதில் சிதையும் நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெயே பொருத்தமானது. கேரளத்து அடுக்களையில் முதலிடம் பெறும் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலோ பெரும்பகுதி நிறைவுறாதது. ஆகவே ஆலிவ் எண்ணெய் கைவசம் இல்லாதவர் நல்லெண்ணெயை எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

வைக்கும் முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கிளையில் அடியிலுள்ள காயே முதலில் தோன்றியது; கனிவதும் அடியிலிருந்து நுனி நோக்கி வரிசையாகத்தான். எனவே அடிக்காயிலிருந்து தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று வாரங்களாக அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நூலால் சுற்றளவை அளந்து அந்த நூலைக் காம்பிலேயே கட்டிவைத்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை. கருநிற வகைகளில், உரிய நேரம் வரும்போது பச்சையாக இருந்த கண் இளஞ்சிவப்பேறி, செதில்கள் சற்றே நெகிழும். ஐயம் நீங்காவிட்டால் ஒரே ஒரு காயைத் தியாகம் செய்து நடுவில் அறுக்கலாம்: உட்பூக்கள் வெளிறி வெண்மையாகவே இருந்தால் காலம் வரவில்லை, சிவப்பு படரத் தொடங்கியிருந்தால் வந்துவிட்டது. பின்னர் பஞ்சுக் குச்சியின் முனையை எண்ணெயில் தொட்டு, வழிந்து ஓடாதபடி துடைத்து, கண்ணின் மேல் மட்டும் ஒற்ற வேண்டும். எள்ளளவு எண்ணெய் போதும். தோல் முழுவதும் பூசினால் காய் மூச்சுவிட முடியாமல் கெடும், எறும்பும் தூசியும் சேரும். கிளைக்கு இரண்டு மூன்று காய்களுக்கு மேல் ஒரே நாளில் வைக்கக் கூடாது. அத்தனை கனிகளுக்கும் ஒருசேரச் சர்க்கரை அனுப்ப அக்கிளையின் இலைகளால் இயலாது. ஒப்பிட்டறிய ஒரு காயை எண்ணெய் வைக்காமலே விட்டுவைப்பது நல்லது.

நேரம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாள்களில் காய் பருக்கத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும். ஐந்து முதல் எட்டு நாள்களில் கனிந்துவிடும். தொடாத காய் அதன்பின் இரண்டு வாரமோ மேலுமோ எடுக்கும். எண்ணெயால் கனிந்தது அளவிலும் சுவையிலும் இயல்பாகக் கனிந்ததற்கு ஏறக்குறைய ஒத்தது. நேரத்துக்கு முன் வைத்தாலோ காய் வெம்பி, பஞ்சு போன்ற உள்ளீட்டோடு உதிரும். எண்ணெய் பயனற்றது என்று சொல்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் இதுவே. பறிக்கும் பக்குவத்துக்கு மாறாத அடையாளம் ஒன்று உண்டு: முற்றிலும் கனிந்த அத்தியின் காம்பை ஒடித்தால் வெண்பால் வராது. பால் வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். அந்தப் பாலைத் தோலில் படவிடுவதும் தீங்கு. அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டவுடன் கொப்புளம் எழுப்பும்.

இத்தனை சொன்ன பிறகும், எண்ணெய் மிச்சப்படுத்தித் தருவது இரண்டு அல்லது மூன்று வாரங்களையே என்பதை மறக்கலாகாது. ஏப்ரலில் முளைத்த பிஞ்சை எந்த எண்ணெயும் இடவப்பாதிக்கு முன் கனியாக்காது. முதற் கட்டத்துக்கு ஐந்தாறு வாரம், ஓய்வுக்கு மூன்று முதல் ஆறு வாரம், கனிவுக்கு ஒன்றரை வாரம் என்று கூட்டினால் ஏறக்குறைய பத்திலிருந்து பதின்மூன்று வாரம் ஆகிறது. ஜூன் முதல் நாளிலிருந்து அதைப் பின்னோக்கி எண்ணினால் மார்ச் முதல் வாரம் வருகிறது. அதற்குப் பின் நுனியில் தோன்றும் பிஞ்சுகளை மனம் தளராமல் கிள்ளிவிட வேண்டும். கிளையின் நுனிமொட்டையும் கிள்ளினால், புதிய இலைக்குப் போக வேண்டிய உணவு கீழே நிற்கும் காய்களுக்குப் போகும். காயைக் கிள்ளுவதற்குக் கை கூசுவது இயல்பே. ஆனால் மழையில் அழுகப்போகும் இருபது காய்களை வைத்திருப்பதைவிட வெயிலில் கனியும் எட்டுக் காய்களைப் பெறுவது மேல்.

காலக்கணக்கு உண்மையில் அதற்கும் முன்பே தொடங்குகிறது. மகாராஷ்டிரத்தில், அத்திக்குப் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் வட்டத்து விவசாயிகள் மழையோடு சேர்ந்த விளைச்சலைக் கட்டா பஹார் என்றும், கோடை விளைச்சலை மீட்டா பஹார் என்றும் பிரிக்கின்றனர். முன்னது புளிப்பு, பின்னது இனிப்பு என்பது அப்பெயர்களின் பொருள். இனிப்பு விளைச்சலை எதிர்பார்ப்பவர் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, மரத்துக்கு ஓய்வு கொடுத்து, மீண்டும் நீர் பாய்ச்சி எழுப்புகின்றனர். சீமை அத்தியின் முதன்மை விளைச்சல் அவ்வாண்டின் இளங்கிளையில் வருவதால், கவாத்தின் நாளே காய்ப்பின் நாளைத் தீர்மானிக்கிறது. திருவனந்தபுரத்தில் ஓணம் முடிந்து கன்னி மாதம் பிறந்ததும் கவாத்து செய்வது நல்ல கணக்கு: துலாவர்ஷத்தின் ஈரத்தில் இளங்கிளை நீளும், மழை தணியும்போது இலைக் கக்கங்களில் பிஞ்சு வரும், கும்பம் மீனம் மாதங்களின் வெயிலில் கனியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. புரந்தரில் மழைக்குப் பின் வானம் வறண்டுவிடுவதால் மரத்துக்கு ஓய்வு தருவது எளிது; இங்கே அக்டோபரில் மீண்டும் மழை வருவதால் தரையில் நிற்கும் மரத்தை உலர வைக்க இயலாது. தொட்டிச் செடிக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. அதைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, பத்துப் பதினைந்து நாள் நீரைக் குறைத்து, பின்னர் வெளியே கொண்டுவரலாம். இந்நகரத்தில் அத்திக்குத் தோட்டத்தைவிடத் தொட்டியே சிறந்தது என்று துணிந்து கூறுவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாம் காரணம் மண். இப்பகுதியின் செம்புரை மண் புளிப்புத்தன்மை உடையது. அத்தியோ சுண்ணாம்பு கலந்த மண்ணை விரும்புவது. தொட்டி மண்ணில் சிறிது நீற்றுச் சுண்ணாம்பு கலப்பது எளிது. காய் ஓய்வுக் கட்டத்துக்கு வந்தபின் தழைச்சத்து மிகுந்த உரம் இட்டால் செடி இலை விடுவதிலேயே முனையும். அடுப்புச் சாம்பல் சிறிதளவு போதுமானது. நீரை ஒரே சீராகக் கொடுக்க வேண்டும்: வாடவிட்டுப் பின் வெள்ளமாக ஊற்றினால் கனிகின்ற காய் வெடிக்கும். ஒரு நாளின் பெரும்பகுதியும் நேர்வெயில் படாத இடத்தில் வைத்த அத்தி காய்க்கும், கனியாது.

மழைக்காலத்தின் இன்னொரு தொல்லை இலைத்துரு நோய். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி போலத் தோன்றும் இப்பூஞ்சை, ஈரம் மிகுந்தால் சில வாரங்களில் மரத்தையே மொட்டையாக்கிவிடும். இலை போனால் கனிவும் போயிற்று. துலாவர்ஷத்தின்போது உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்துவதும், செடிகளுக்கிடையே காற்று புக இடம் விடுவதும் இளங்கிளைகளைக் காக்கும். கனியத் தொடங்கிய பின் அணிலும் காகமும் இரவில் வௌவாலும் தவறாமல் வரும். மெல்லிய வலைத்துணியால் ஒவ்வொரு காயையும் தனித்தனியே கட்டிவைப்பதே வீட்டளவில் இயன்ற காப்பு. கண் திறந்த பழத்துக்குள் சிறு பழ ஈக்கள் புகுந்து புளிப்பேற்றுவதையும் அது ஓரளவு தடுக்கும்.

மே இரண்டாம் வாரத்தில் மரத்தில் இன்னும் எஞ்சி நிற்பவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். கண் சிவந்தவற்றுக்கு எண்ணெய் வைக்கலாம். அவை மழைக்கு முன் கனியும். ஓய்வுக் கட்டத்துக்கே வராத சிறியவற்றைக் கிள்ளி எறியலாம். இடைப்பட்டவை, முழு அளவு வந்தும் கல்லாக நிற்பவை, பழமாகப் பயன்படாவிட்டாலும் வீணல்ல. கிரேக்கத்திலும் துருக்கியிலும் இத்தகைய பச்சை அத்தியைப் பால் நீங்கும்வரை நீர் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை வேகவைத்து, பிழிந்து வடித்து, சர்க்கரைப் பாகில் இட்டு மெல்லிய தீயில் காய்ச்சிப் பதப்படுத்துகின்றனர். கிராம்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் அது பல மாதம் கெடாமல் இருக்கும். அத்திக்காயைப் பருப்போடு கூட்டாகச் சமைத்துப் பழகிய தமிழ் வீடுகளுக்கு அந்தப் பக்குவம் அயலானதன்று. வேகவைத்த முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும், காய் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.